புகைப்படச் சங்கத்திலே குறைநிறை கூறலும் கேட்டலும்

பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்போர் பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை கூடித் தாம் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. பிற நாடுகளிலும் உண்டு. கமரா வாங்க வசதியில்லாதவரும் கைத்தொலைபேசியாற் படம் எடுக்கும் காலம் இது. ஆகவே படங்களுக்குக் குறைவில்லை. அப்படங்களைப் பார்த்துப் பயனுள்ள ஒரு சொல்லைச் சொல்வோரும், அச்சொல்லைக் கேட்டுப் பயன்கொள்வோருமே அரியர். அதைப்பற்றியே இன்று நேயர்களோடு சிறிது பேச எண்ணுகிறேன்.

இத்தகைய கூட்டங்கள் இரண்டு வழியாற் கெடுகின்றன. ஒன்று புகழ்ச்சி. "அருமை", "மிக நன்று" என்ற சொற்கள் எல்லாப் படங்களுக்கும் ஒரேயளவாகக் கிடைக்குமாயின் அவற்றுக்குப் பொருள் இல்லாது போகிறது. படம் எடுத்தவர் மகிழ்ச்சியோடு வீடு சென்று, அடுத்த மாதமும் அதே படத்தையே வேறோர் இடத்தில் எடுத்து வருவார். மற்றது, குற்றம் காண்பதே புலமை என்ற எண்ணம். இவ்வெண்ணமுடையோர் பெரும்பாலும் நக்கீரரைத் துணைக்கு அழைப்பர். அந்தக் கதையை அவர்கள் சரியாகக் கேட்கவில்லை என்றே நான் கருதுகிறேன். தருமி கொண்டுவந்த பாட்டைக் கேட்ட நக்கீரர், "பாட்டு நன்றாயில்லை" என்று கூறிவிட்டு இருக்கவில்லை. குற்றம் சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது என்று இடத்தைச் சுட்டினார். கூந்தலுக்கு மணம் இயற்கையா, பூவாலும் சாந்தாலும் வருவதா என்பதே வழக்கு. மறுத்துரைப்பவர் எந்த இடத்தில் மறுக்க வேண்டும் என்பது எதிரிக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம் கூட்டங்களிலே நெற்றிக்கண்ணுக்கு அஞ்சாதவர் பலர் இருக்கிறார்கள். இடத்தைச் சுட்டுவோர்தாம் இல்லை.

ஓர் உதாரணத்தாற் பார்ப்போம். கிழக்கு நோக்கிய ஒரு கடற்கரையில் விடியற்காலையில் எட்டுப்பேர் கரைவலை இழுக்கிறார்கள். சூரியன் அப்பொழுதுதான் கடலுக்கு மேலே வருகிறது. முன்னிற்கும் முதியவர் கயிற்றை இரு கைகளாலும் பற்றிக் குனிந்திருக்கிறார். படத்தின் வலது மூலையிலே ஒரு நீலநிற வாளி. இப்படத்தைப் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சங்கத்துக்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சூரியன் நன்றாக விழுந்திருக்கிறது" என்கிறார் ஒருவர். "சற்று இருட்டு" என்கிறார் மற்றொருவர். இளைஞர் இரண்டுக்கும் தலையசைக்கிறார். இரண்டாலும் அவர் அறிந்துகொண்டது ஒன்றுமில்லை. மூன்றாமவர் சொல்கிறார்: "என் கண் முதலில் வாளிக்குப் போயிற்று. அங்கிருந்து சூரியனுக்குப் போயிற்று. மனிதரிடம் கடைசியாகவே வந்தேன். வந்தபோது தலை எது, முதுகு எது என்று பிரித்தறிய முடியவில்லை."

இதுதான் பயனுள்ள சொல். இவர் தமது விருப்பு வெறுப்பைக் கூறவில்லை. தமது கண் நடந்த வழியைக் கூறினார். விருப்பு வெறுப்போடு வாதாடலாம். கண் நடந்த வழியோடு வாதாட இடமில்லை. அது நடந்தது நடந்ததுதான். அதன்பின்பு இளைஞரைக் கேட்டால், "அந்த முதியவரின் கைகளுக்காகவே படத்தை எடுத்தேன்" என்கிறார். கூட்டத்தில் ஒருவராவது கைகளைக் கண்டிலர். எடுத்தவர் மனத்திலிருந்த படத்துக்கும் சுவரிலே தொங்கும் படத்துக்கும் உள்ள இந்தத் தூரத்தை அளந்து காட்டுவதே கருத்துரையின் முதல் வேலை.

அளந்த பின்னர்க் காரணம் தேடலாம். ஏறக்குறையச் சமமான மணலில் நின்று கமராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால், கடலும் வானும் சந்திக்கும் கோடு, நம்மையொத்த உயரமுடைய எல்லாருக்கும் கண்மட்டத்திலேயே குறுக்காக ஓடும். அவர்கள் அருகில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் இது மாறாது. குனிந்து இழுப்பவர்களுடைய தலைகளோ அக்கோட்டுக்குக் கீழே இறங்கிக் கரிய நீரோடு கலந்துவிடும். எடுப்பவர் மணலிலே முழந்தாளிட்டால் கோடு அவர்களது இடைமட்டத்துக்கு இறங்கும். எட்டுத் தலைகளும் வானத்திலே தனித்தனியாகத் தெரியும். கைகள் கறுத்ததற்குக் காரணம் வேறு. சூரியன் அவர்களுக்கு நேர்ப்பின்னால் இருந்தது. கமரா அந்தப் பேரொளியை அளந்து, உள்ளே வரும் ஒளியைக் குறைத்துக்கொண்டது. இருபதடி பக்கமாக நடந்திருந்தால் அதே சூரியன் பக்கவாட்டில் விழுந்து, கைகளின் நரம்புகளையும் கயிற்றின் முறுக்கையும் எடுத்துக் காட்டியிருக்கும். வாளியைத் தூக்கி அப்பால் வைக்கலாமோ என்று சிலர் கேட்பர். வலைக்காரரைக் கேட்டுவிட்டு வையுங்கள். அவருக்கு அது அடுத்த நிமிடமே வேண்டியிருக்கலாம்.

குறைகளுக்குப் பெயர் இருந்தாற் பேசுவது எளிதாகும். தமிழ் படித்தோருக்கு இதிலே ஒரு வசதி உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலே ஒரு நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்தினை வகுத்திருக்கிறார். அவர் புகைப்படத்தைக் கனவிலும் கண்டவரல்லர். ஆயினும் மாணவரோடு படங்களைப் பார்க்கும்போது அப்பெயர்கள் எத்துணை பொருந்துகின்றன என்று நான் பலமுறை வியந்ததுண்டு. நடனமாடும் பெண்ணின் பாதங்களைச் சட்டத்துக்கு வெளியே வெட்டிவிட்ட படம் குன்றக் கூறலாகும். தேரையும் கோபுரத்தையும் காவடியையும் கச்சான் கடையையும் ஒன்றாகத் திணித்த திருவிழாப் படம் மிகைபடக் கூறல். மணமக்களுக்குப் பின்னாலிருந்த விளம்பரப் பலகையே கண்ணைப் பறிக்குமாயின் அது மற்றொன்று விரித்தல். ஒரே பனங்கூடலை ஒரே இடத்திலே நின்று எடுத்த பன்னிரண்டு படங்களைக் கொண்டு வருபவர் கூறியது கூறுகிறார். இங்ஙனம் பெயர் சொல்வதில் ஒரு நன்மையுண்டு: குற்றம் படத்தின்மேல் நிற்கிறது, எடுத்தவர்மேல் ஏறுவதில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் படத்தைத் தானே எடுத்துக்காட்டி, "இது வெற்றெனத் தொடுத்தல்" என்று சொல்லிச் சிரித்ததையும் கேட்டிருக்கிறேன். அதே பாயிரத்தில் அழகுகளும் பத்து உண்டு என்பதைக் குற்றம் காண்போர் மறந்துவிடுதல் ஆகாது.

பெயர் வேறு, விதி வேறு. விதியைக் கையிலே வைத்துக்கொண்டு படத்தை அளப்பவரால் வரும் தீங்கு பெரிது. படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமான பொருளை அப்பிரிவுக் கோட்டில் வைக்கவேண்டும் என்பது இன்று எல்லாச் சங்கங்களிலும் வேதமாக ஓதப்படுகிறது. மூன்றிலொரு பங்கு விதி என்ற இப்பெயரை 1797 இலே ஜோன் தோமஸ் சிமித் என்ற ஆங்கில ஓவியர், கிராமியக் காட்சிகளைப்பற்றி எழுதிய நூலொன்றில் வழங்கினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839 ஆம் ஆண்டுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஓவியத்தைப்பற்றிச் சொல்லப்பட்ட யோசனை அது. பழகுவோருக்கு அது நல்ல கைத்தடி. ஆனால் கைத்தடியை எடுத்து அடுத்தவரை அடிப்பதற்கு அது தரப்படவில்லை. "பொருள் நடுவில் இருக்கிறது, ஆகவே பிழை" என்பவர் படத்தைப் பார்க்கவில்லை, கோட்டையே பார்த்தார்.

விதியாற் படத்தை அளந்தவர்கள் எவ்வாறு தவறினர் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு வரலாறு இருக்கிறது. ஜூலியா மார்கரற் கமரன் என்ற அம்மையார் 1863 டிசெம்பரில், தமது நாற்பத்தெட்டாவது வயதிலே, மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு படம் எடுக்கத் தொடங்கினார். அக்காலத்தில் கண்ணாடித் தட்டிலே கொலோடியன் என்னும் கரைசலைப் பூசி, அது காய்வதற்குமுன் படம் எடுத்துக் கழுவவேண்டும். அம்மையாருடைய தட்டுக்களிலே கறையும் கீறலும் இருந்தன. முகங்களோ கூர்மையாக இல்லாமல் மென்மையாகக் கரைந்து தோன்றின. இலண்டனிலே புகைப்படப் பத்திரிகைகள் அவரைக் கடிந்தன. கறையையும் கீறலையும் குறித்து அவர்கள் சொன்னதிலே நியாயமுண்டு. அவை யாரும் விரும்பி வரவழைப்பவையல்ல. ஆனால் முகத்தின் மென்மையையும் அதே பட்டியலிலே சேர்த்துக் கையாலாகாமை என்று தீர்த்தார்களே, அங்கேதான் பிசகினார்கள். குவியம் இதுவே சரியென்று தீர்ப்பளிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று, 1864 இன் இறுதியிலே, அறிவியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அம்மையார் கேட்டார். அந்த ஹேர்ஷலையே 1867 இல் அவர் எடுத்த படம் இன்று உலகின் பெரிய முகப்படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1875 இலே கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறையிலிருந்தபோது இங்குள்ள மக்களையும் படம் எடுத்த அவர், 1879 இற் காலமாகிப் பொகவந்தலாவையிலே தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இதிலிருந்து, குறையெல்லாம் கலையென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இளைஞர் எண்ணிவிடக்கூடாது. கை நடுங்கியதால் வந்த மங்கல் வேறு. வேண்டி வரவழைத்த மங்கல் வேறு. பார்ப்பவர் தீர்ப்புக்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இது நீங்கள் வேண்டிச் செய்ததா?" வேண்டிச் செய்தது என்று விடை வந்தால், அது தன் வேலையைச் செய்கிறதா என்று அடுத்துப் பார்க்கலாம். வேண்டாமல் வந்தது என்றால், எப்படித் தவிர்ப்பது என்று பேசலாம். லயனல் வென்ட் (1900-1944) ஒளியும் நிழலும் ஓரளவு மாறித் தோன்றும் படங்களையும், பல படங்களை ஒன்றாக இணைத்த படங்களையும் கொழும்பிலிருந்து செய்தபோது, இந்தக் கேள்வியைக் கேளாதவருக்கு அவை வெறும் பிழையாகவே தோன்றியிருக்கும்.

காரணத்தோடு கூறப்படும் பாராட்டும் அரியதொன்றே. 1887 இலே ஆங்கிலப் புகைப்படப் பத்திரிகையொன்று நடத்திய போட்டிக்குப் பீற்றர் ஹென்றி எமர்சன் நடுவராயிருந்தார். பேர்லினிலே படித்துக்கொண்டிருந்த அல்பிரட் ஸ்ரீகிளிட்ஸ் என்ற இருபத்துமூன்று வயது அமெரிக்கருக்கு முதற்பரிசு கொடுத்தார். சிறுவர்கள் சிரித்து நிற்கும் அந்தப் படத்திலே, வலிந்து செய்யாத இயல்பு இருக்கிறது என்பதே அவர் காட்டிய காரணம். "அருமை" என்ற சொல்லைப் பெற்றவர் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "இயல்பு" என்ற சொல்லைப் பெற்றவர் அதைத் தேடிப் போகலாம். இதே எமர்சன், 1889 இல் வெளியிட்ட தமது புகைப்படக் கொள்கை நூலின் கருத்துக்களை ஈராண்டுகளுக்குள்ளேயே, கறுப்பு விளிம்பிட்ட சிறு பிரசுரம் ஒன்றினால் தாமே மறுத்து அடக்கம் செய்தார். நடுவராய் இருப்போர் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

இனி, கேட்பவர் பக்கம். இது சொல்வதிலும் கடினம். படம் சுவரில் ஏறியவுடனே எடுத்தவர் வாய் திறந்துவிடுகிறார். "அன்றைக்கு மழை", "பொலிஸ்காரர் கிட்டப் போக விடவில்லை", "கமரா பழையது." இவையெல்லாம் உண்மையாயிருக்கலாம். ஆனால் படம் ஒரு மண்டபத்திலே தொங்கும்போது அதன் பக்கத்திலே நின்று மழையைப்பற்றிச் சொல்ல எவரும் இருப்பதில்லை. ஆதலின் முதல் ஐந்து நிமிடம் எடுத்தவர் மௌனமாயிருப்பது ஓர் ஒழுங்காக இருக்கட்டும். அவர் பேசினால், மற்றையோர் படத்திலே காணாததையும் அவர் சொல்லிலே கண்டுவிடுவர். பின்னர் அவர்கள் சாட்சியாக உதவார்.

கேட்டவற்றுள் எதை ஏற்பது, எதை விடுவது? என் அனுபவத்திலே, பார்ப்பவர் "இங்கே ஏதோ இடறுகிறது" என்று விரல் வைக்கும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதற்கு அவர் சொல்லும் மருந்து பெரும்பாலும் அவருடைய மருந்தாகவே இருக்கும்; உங்கள் படத்துக்கு உதவாது. மூவர் ஒரே இடத்தில் விரல் வைத்து மூன்று மருந்து சொன்னால், இடத்தை எடுத்துக்கொண்டு மருந்தை விட்டுவிடுங்கள். சோதித்துப் பார்க்க எளிய கருவி ஒன்றுண்டு. கறுப்பு அட்டையிலே ‘ட’கர வடிவாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி எதிரெதிரே படத்தின்மேல் வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். இரண்டையும் நகர்த்தி நகர்த்திப் படத்தைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் பார்க்கலாம். வாளி மறைந்தால் கண் எங்கே போகிறது என்று ஒரு நிமிடத்திலே தெரிந்துவிடும். அரைமணி நேர விவாதத்தை இரண்டு அட்டைத்துண்டுகள் தீர்த்துவைத்ததைக் கண்டிருக்கிறேன்.

சில படங்களின் முன்னே இவ்வளவும் பேசக் கூச்சமாயிருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் இருப்போருக்கு நான் சொல்லாமலே விளங்கும். 2009 இலே முடிந்த போரிற் காணாமற்போன மகனுடைய படத்தைச் சட்டமிட்டு மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மாரை நம் இளைஞர் பலர் படம் எடுத்திருக்கின்றனர். அத்தகைய படம் ஒன்று வரும்போது முதற்கேள்வி அழகைப் பற்றியதன்று. அந்தத் தாயின் சம்மதத்தோடு எடுக்கப்பட்டதா, இதை எங்கே காட்டப்போவதாக அவருக்குச் சொல்லப்பட்டது என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை சரியில்லையாயின் படத்தை உறைக்குள் வைத்துவிட வேண்டும். ஒளியையும் நிழலையும் பற்றிப் பேச்சே இல்லை. விடை சரியாயின், அதன் பின்பு குறை சொல்லலாமா? துயரத்தின் முன்னிலையிலே குறை சொல்வது கல்நெஞ்சம் என்று பலர் எண்ணுகின்றனர்.

எனக்குத் தெரிந்த சங்கமொன்றிலே ஆசிரியை ஒருவர் இத்தகைய படமொன்றைச் சம்மதம் பெற்று எடுத்துக் கொண்டுவந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் தலை குனிந்து மௌனமாயிருந்தார்கள். நெடுங்காலம் ஸ்ரூடியோ நடத்திய முதியவர் ஒருவர் மட்டும் படத்தை யன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரீச்சர், அம்மா தன் பிள்ளையை எங்களுக்குக் காட்டுகிறா. நாங்கள் பிள்ளையின் முகத்தைக் காணவில்லை." உண்மைதான். தாய்க்கு எதிரேயிருந்த வாசலின் வெளிச்சம் சட்டத்துக் கண்ணாடியிலே பட்டுத் தெறித்து, மகனுடைய முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மாத்திரமே இருந்தது. கண்ணாடியில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் தெறிக்கும். சட்டத்தின் மேல்விளிம்பை இரண்டு விரற்கடை முன்னே சாய்த்திருந்தால், வாசலுக்குப் பதிலாக இருண்ட தரையே கண்ணாடியில் தோன்றும். முகம் தெளிவாகத் தெரியும். அந்தத் தாய் எதைக் காட்டுவதற்காகக் கமராவின் முன்னே வந்து நின்றாரோ, அதுவே படத்தில் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டது மற்றையோரின் இரக்கம். சொன்னது அம்முதியவரின் இரக்கம். எது பெரிது என்று நேயர்களே தீர்மானிக்கலாம். ஆசிரியை மீண்டும் அந்த வீட்டுக்குப் போனார். இரண்டாவது படத்தின் ஒரு பிரதி அத்தாயிடம் இருக்கிறது.

இவையெல்லாம் நடைபெறுவதற்குக் கூட்டத்தின் ஒழுங்கும் இடங்கொடுக்க வேண்டும். நம்மிடையே மூத்தவர் பேசியபின் இளையவர் மறுத்துப் பேசுவதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை எழுந்து, "சேர், உங்கள் படத்திலே கண் எங்கும் நிற்கவில்லை" என்று சொல்வதை நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லும்படி கட்டாயப்படுத்துவதும் முறையன்று. ஆதலால் படங்களுக்குப் பெயரிடாமல் இலக்கம் மாத்திரம் இட்டுச் சுவரிலே வையுங்கள். வயதிற் குறைந்தவரே முதலிற் பேசட்டும். தலைவர் கடைசியிற் பேசட்டும். ஒரு மாலைக்குப் பத்துப் படங்கள் போதும். நாற்பது படங்களைக் காட்டும் கூட்டத்திலே இருபதாவது படத்துக்குப் பின் எவரும் உண்மையாகப் பார்ப்பதில்லை.

வாயாற் சொல்லக் கூசுவோருக்கு எழுத்து உதவும். பிரித்தானியாவிலே புகைப்பட ஆர்வலர் சிலர் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே நெடுங்காலமாக இதைச் செய்து வந்திருக்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு படத்தை இட்ட பெட்டி அஞ்சலிலே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். பெறுபவர் எல்லாப் படங்களையும் ஆறுதலாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தம் கருத்தை எழுதிவைத்து, பெட்டியை அடுத்தவருக்கு அனுப்புவார். சுற்று முடிந்ததும் தம் படத்தோடு அத்தனை பேரின் கருத்தும் எடுத்தவரிடம் வந்து சேரும். மேசையருகே இருந்து எழுதும்போது, கோபமாக எழுதிய வரியை அடித்துவிட்டு வேறொரு வரி எழுத நேரம் கிடைக்கிறது. ஓர் ஊருக்குள்ளே இதை நடத்துவதற்கு அஞ்சற்செலவும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் கையிற் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ஒன்றே கவனம்: கருத்தைப் படத்தின் முதுகிலே எழுத வேண்டாம். மை ஊறும், பென்சிலை அழுத்தினாலோ முகப்பிலே தழும்பு விழும். தனித்தாளில் எழுதி, படத்தின் இலக்கத்தை மேலே இட்டு, உறைக்குள் வைத்தாற் போதும்.